நாய் குறுக்கே வந்தது

"அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து மோதியதில்..."

பத்தொன்பது வருஷமாக இந்த வரியைப் படித்துக்கொண்டிருக்கிறேன். மோட்டார் விபத்து இழப்பீட்டு வழக்கு நடத்துகிற எந்த வக்கீலை எழுப்பிக் கேட்டாலும் தூக்கக் கலக்கத்திலேயே ஒப்பிப்பார். லாரி மோதினாலும் இதே வரிதான், மொபட் மோதினாலும் இதே வரிதான். ஒரு வழக்கில், ரோட்டோரம் நிறுத்தி வைத்திருந்த டிராக்டர் மேல் பைக் போய் இடித்திருந்தது. எஃப்.ஐ.ஆரில் அந்த டிராக்டரும் அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்தான் வந்திருந்தது. எழுதிய ஏட்டையாவைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வராது. ராத்திரி ரெண்டு மணி, ஸ்டேஷன் வாசலில் ஒப்பாரி, ஒற்றை ஆளாக உட்கார்ந்து எழுதுகிறார். கை தானாக எழுதும். 2024 ஜூலையில் ஐ.பி.சி. என்ற இந்திய தண்டனைச் சட்டம் போய், அதன் இடத்தில் பி.என்.எஸ். என்ற பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. அஜாக்கிரதையாக வண்டி ஓட்டும் குற்றத்துக்குப் பிரிவு 279 என்றிருந்தது 281 ஆனது, 304-ஏ என்றிருந்தது 106(1) ஆனது, கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் இரண்டு ஆண்டு என்றிருந்த தண்டனை ஐந்து ஆண்டு வரை என்று உயர்ந்தது. இந்த வரி மட்டும் பிசகாமல் புதுச் சட்டத்துக்கும் வந்து சேர்ந்துவிட்டது.

சமீபத்தில் என் குமாஸ்தா அண்ணாச்சி ஆறு வாரம் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதைப் பின்னால் சொல்கிறேன். அவர் இல்லாததால் பழைய வழக்குக் கட்டுகளை நானே தேட வேண்டியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பீரோவைத் திறந்து, ஒரு கட்டைத் தேடப் போய், எல்லாவற்றையும் தரையில் பரப்பிவிட்டேன். அப்போது மனசில் ஒரு கேள்வி இருந்தது. இதில் எத்தனை வழக்கில் 'செல்போன் பேசியபடி' என்று இருக்கிறது?

இரண்டு. அத்தனை கட்டிலும் இரண்டே இரண்டு. இரண்டுமே பஸ் வழக்குகள். பஸ்ஸில் மட்டும்தான் டிரைவரின் கையைப் பார்த்துக்கொண்டு ஐம்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். முன் சீட்டுப் பயணி ஒருவர் ஸ்டேஷனில் நின்று சத்தம் போட்டு அந்த வார்த்தையைப் புகாரில் ஏற்ற வைத்திருக்கிறார். காரிலும் பைக்கிலும் அப்படிச் சத்தம் போட யார் இருக்கிறார்கள்?

ஆனால் கட்டுகளைப் பழகிய கண்ணோடு புரட்டினால் போன் தெரியத்தான் செய்கிறது, எழுத்தில் இல்லாவிட்டாலும். விபத்து நடந்த இடத்தைப் போலீஸ் கையால் ஒரு வரைபடம் போடும், ரஃப் ஸ்கெட்ச் என்போம். ரோடு, அதன் அகலம், புளியமரம், டீக்கடை, மோதிய இடத்துக்கு ஒரு பெருக்கல் குறி. பிரேக் பிடித்திருந்தால் டயர் தேய்த்த தடம் எத்தனை மீட்டர் என்றும் சில ஸ்கெட்ச்களில் இருக்கும். குடித்தவன்கூடக் கடைசி நொடியில் பிரேக்கை மிதிக்கிறான். தடம் வளைந்து நெளிந்து கிடக்கும், ஆனால் கிடக்கும். வேறு சில ஸ்கெட்ச்கள் உண்டு. பட்டப்பகல், நேரான நாலுவழிச்சாலை, முன்னால் போகும் மாட்டுவண்டி அரைக் கிலோமீட்டர் தூரத்திலிருந்தே தெரியும். தடமே இல்லை. மோட்டார் வாகன ஆய்வாளர் வந்து பார்த்து, 'பிரேக் நல்ல நிலையில் உள்ளது, விபத்து இயந்திரக் கோளாறால் ஏற்பட்டதல்ல' என்று எழுதியிருப்பார். பிரேக் நன்றாக இருக்கிறது, வெளிச்சம் இருக்கிறது, ஆள் குடிக்கவில்லை, பிரேக் மட்டும் பிடிக்கவில்லை. தூங்கியிருக்கலாம். மத்தியானம் பதினொன்றரை மணிக்கா?

சரி, அப்படியானால் ஏன் யாரும் போனைத் தேடுவதில்லை? தேடுவதால் யாருக்கும் காலணா லாபம் இல்லை என்பதுதான் பதில். அடிபட்டவருக்கு எதிர் வண்டிக்காரரின் கவனக்குறைவைக் காட்டினால் போதும், அந்தக் கவனக்குறைவு எப்படி வந்தது என்பது வேண்டியதில்லை. டிரைவருக்கு லைசென்ஸ் இல்லை, குடித்திருந்தார் என்றால் இன்ஷூரன்ஸ் கம்பெனி பாய்ந்து வரும், ஏனென்றால் பொறுப்பிலிருந்து நழுவ அதற்குச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. செல்போன் பேசினார் என்றால் அந்த வழி கிடையாது. பேசியிருந்தாலும் பணம் கட்டியே ஆகவேண்டும், அப்புறம் எதற்கு மெனக்கெடுவது? டிரைவர் எந்தக் காலத்திலும் ஒத்துக்கொள்ள மாட்டார். போலீஸுக்கு அந்த வரி இருக்கிறது. அழைப்பு விவரப் பட்டியல், நாங்கள் சி.டி.ஆர். என்போம், அதை எஸ்.பி. ஆபீஸ் வழியாகக் கேட்டு வாங்கலாம். கொலைக் கேஸுக்கு வாங்குகிறார்கள். சைக்கிளில் போன பால்காரருக்காக யார் வாங்குவார்கள்? அப்படி வாங்கினாலும் வாட்ஸ்அப்பில் வந்த மெசேஜ் அதில் விழாது. டைப் அடித்துக்கொண்டே ஓட்டியவன் அந்தப் பட்டியலில் வாயை மூடிக்கொண்டு வண்டி ஓட்டிய உத்தமனாகத்தான் தெரிவான்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் போன் தவறாமல் வரும். அடிபட்டவர் மேலேயே பழி போட இன்ஷூரன்ஸ் தரப்பு தாக்கல் செய்யும் எதிருரையில், 'மனுதாரர் கைப்பேசியில் பேசியபடி வாகனத்தை இயக்கியதே விபத்துக்குக் காரணம்' என்று. ஆதாரம் கேட்டால் இருக்காது. எங்கள் தரப்பில் 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்' எப்படியோ, அவர்கள் தரப்பில் இது அப்படி.

இதையெல்லாம் மனசில் வைத்துக்கொண்டு மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிடும் புள்ளிவிவரத்தைப் பாருங்கள். வண்டி ஓட்டும்போது செல்போன் பயன்படுத்தியதால் இறந்தவர்கள் என்று 2021இல் இந்தியா முழுக்கக் காட்டிய கணக்கு 1,040 பேர். 2022இல் 3,395 பேர். ஒரே வருஷத்தில் ஜனங்கள் மூன்று மடங்கு அதிகமாகப் பேசத் தொடங்கிவிட்டார்களா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. எழுதுகிற கை சில இடங்களில் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். அந்த 2022இல் சாலையில் செத்தவர்கள் மொத்தம் 1,68,491. தமிழ்நாட்டில் மட்டும் 17,884. அத்தனை மரணத்தில் நூற்றுக்கு இரண்டுதான் போனால் என்று சொல்லும் கணக்கை, ரோட்டில் பத்து நிமிஷம் நின்று பார்த்த எவரும் நம்ப மாட்டார்கள். எங்கள் திருநெல்வேலி வண்ணார்பேட்டை மேம்பாலத்துக்குக் கீழே நின்று எண்ணிப் பாருங்கள். கழுத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு போகிறவர்கள், ஹெல்மெட்டுக்கும் காதுக்கும் நடுவே போனைச் செருகிக்கொண்டு தனக்குத்தானே பேசுகிறவர் மாதிரி போகிறவர்கள், ஸ்டீரிங்குக்குக் கீழே மடியைப் பார்த்துக் குனிந்து சிரிக்கிறவர்கள். அந்தச் சிரிப்பு ஒன்று போதும் கண்டுபிடிக்க. மடியைப் பார்த்து யாரும் சும்மா சிரிக்க மாட்டார்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988இல் வந்தபோது இந்த நாட்டில் செல்போனே கிடையாது. அதனால் 184வது பிரிவில் 'அபாயகரமாக ஓட்டுதல்' என்று பொதுவாக மட்டும் இருந்தது. 2019 திருத்தத்தில்தான் எதெல்லாம் அபாயம் என்று ஒரு விளக்கம் சேர்த்தார்கள். சிவப்பு விளக்கைத் தாண்டுவது, எதிர்த்திசையில் வருவது என்ற வரிசையில் 'சி' உட்பிரிவாகக் கையடக்கத் தொலைத்தொடர்புக் கருவியைப் பயன்படுத்துவதும் வந்தது. முதல் தடவை ஆறு மாதம் முதல் ஒரு வருஷம் வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம். மூன்று வருஷத்துக்குள் மறுபடியும் என்றால் இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது 10,000. தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் அரசாணை போட்டு, முதல் முறை 1,000, மறுமுறை 10,000 என்று மெஷினில் ரசீது அடிக்கத் தொடங்கினார்கள்.

நான் 'கையடக்க' என்று எழுதினேன். ஆங்கில மூலத்தில் உள்ள சொல்லைத் தமிழில் இரண்டு விதமாக எழுதலாம். கைக்குள் அடங்குகிற கருவி என்றும் எழுதலாம், கையில் பிடித்திருக்கிற கருவி என்றும் எழுதலாம். முதலாவது என்றால் போன் எங்கே இருந்தாலும், ஹெல்மெட்டுக்குள்ளே இருந்தாலும், குற்றம். இரண்டாவது என்றால் கையில் இருந்தால்தான் குற்றம், காதில் செருகியவர் தப்பித்தார். சட்டத்தில் இதற்கு வரையறை கிடையாது. 1,000 ரூபாய்க்காக எவரும் ஹைகோர்ட் வரை போகப் போவதில்லை என்பதால் இது இப்படியே கிடக்கிறது. என் ஜூனியரிடம் சொன்னேன், "ஸார், நீங்க போலாமே" என்றான். அவனுக்கு என்னைத் தெரியும்.

ஒரு சொல் இப்படி வழக்கைப் புரட்டிப் போடுவது புதிதில்லை. இங்கே செங்கோட்டை தாண்டினால் கேரளா. அங்கே 2018இல் ஹைகோர்ட் டிவிஷன் பெஞ்ச் ஒரு தீர்ப்பு சொன்னது. கார் ஓட்டிக்கொண்டே போன் பேசிய கொச்சிக்காரர் மேல் போலீஸ் கேரளக் காவல் சட்டத்தின் 118(இ) பிரிவையும் போட்டிருந்தது. தெரிந்தே பொதுமக்களுக்கு ஆபத்து உண்டாக்கும் செயலைப் பற்றிய பிரிவு அது. போன் பேசியது சரி, அதனால் யாருக்கு என்ன ஆபத்து வந்தது, இந்தச் சட்டத்தில் போன் என்ற சொல் எங்கே இருக்கிறது, என்று கேட்டு அந்தப் பிரிவு இதற்குப் பொருந்தாது என்றார்கள். மறுநாள் வாட்ஸ்அப்பில் 'போன் பேசிக்கொண்டு ஓட்டலாம், கோர்ட்டே சொல்லியாச்சு' என்று சுற்றியது. எனக்கே நாலு பேர் அனுப்பினார்கள். அதில் ஒருவர் வண்டியில் போய்க்கொண்டே அனுப்பியதாகப் பிறகு சொன்னார்.

இங்கிலாந்தில் நடந்தது இதைவிட வேடிக்கை. அங்கே 2003 டிசம்பரிலேயே கையில் போன் பிடித்து ஓட்டத் தடை. ஆனால் விதியில் 'அழைப்பு அல்லது பரிமாற்றத் தொடர்பு' என்று எழுதி வைத்திருந்தார்கள். 2017 ஆகஸ்டில் மேற்கு லண்டனில் ஒருவர், வழியில் கிடந்த விபத்து ஒன்றைக் காரோட்டியபடியே வீடியோ எடுத்துக்கொண்டு போனார். பிடித்தார்கள். அவர் தரப்பு வாதம்: வீடியோ எடுப்பது பரிமாற்றம் இல்லையே, நான் யாரோடும் தொடர்புகொள்ளவில்லையே. 2019இல் ஹைகோர்ட் ஆமாம் என்று விட்டுவிட்டது, அதற்காக இதைப் படம்பிடிக்க அனுமதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், ஆபத்தாக ஓட்டினால் வேறு சட்டம் இருக்கிறது என்று எச்சரித்துவிட்டுத்தான். 2022 மார்ச் 25 முதல் விதியையே மாற்றி எழுதினார்கள். கையில் பிடித்துப் பயன்படுத்தினாலே குற்றம், போட்டோவோ பாட்டோ எதற்காக இருந்தாலும், சிக்னலில் நின்றாலும். 200 பவுண்டு, லைசென்ஸில் ஆறு புள்ளி. வண்டியிலிருந்து இறங்காமல் பர்கர் வாங்கும் கடையில் நின்று போனைக் காட்டிப் பணம் கட்ட விலக்கு உண்டு. அதையும் யோசித்து எழுதியிருக்கிறார்களே என்று எனக்கு அந்த வரைவாளர் மேல் மரியாதை வந்தது.

நம் ஊரில் 2020 அக்டோபர் முதல் வழி பார்க்க மட்டும், ஓட்டுநரின் கவனம் கெடாத விதத்தில், கருவியைப் பயன்படுத்தலாம் என்று விதி வந்தது. நல்ல விதிதான். ஆனால் மேப் பார்க்கிற போனும் மாமியார் கூப்பிடுகிற போனும் ஒரே போன். மேப்புக்கு மேலேயே மெசேஜ் வந்து குதிக்கிறது.

இந்தச் சட்டங்களுக்குப் பின்னால் தமிழ்நாட்டு ஆள் ஒருவர் இருக்கிறார் என்பது பலருக்குத் தெரியாது. கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் எலும்பு அறுவை மருத்துவர் டாக்டர் எஸ். ராஜசேகரன். நொறுங்கி வந்தவர்களை ஒட்டவைத்து அலுத்துப்போய், ரோட்டிலேயே இதைத் தடுக்க வேண்டும் என்று 2012இல் சுப்ரீம் கோர்ட்டில் பொதுநல மனு போட்டார். அதில்தான் 2014இல் நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு அமைந்தது. அந்தக் குழு 2015இல் மாநிலங்களுக்கு எழுதிய உத்தரவில்தான், குடித்துவிட்டு ஓட்டுதல், சிக்னல் மீறல், அதிவேகம் இவற்றோடு செல்போனுக்கும் குறைந்தது மூன்று மாதம் லைசென்ஸை முடக்கச் சொன்னது. மத்திய மோட்டார் வாகன விதி 21இல் செல்போன் ஏற்கெனவே ஒரு காரணமாக இருந்தது, யாரும் அதைத் தொடாமல் வைத்திருந்தார்கள். எங்கள் சட்டப் புத்தகங்களில் அந்த வழக்கு 'எஸ். ராஜசேகரன் எதிர் இந்திய ஒன்றியம்' என்றே இருக்கிறது. ஒரு டாக்டர் பெயரை வக்கீல்கள் இவ்வளவு தடவை சொல்வது அபூர்வம்.

முடக்கம் யாரைக் கடிக்கிறது என்றால், ஓட்டிப் பிழைப்பவரைக் கடிக்கிறது. மூன்று மாதம் வேன் எடுக்க முடியாத டிரைவர் எனக்குக் கட்சிக்காரராக வந்திருக்கிறார், வட்டிக்கு வாங்கி வீட்டு வாடகை கட்டியவர். அதே மூன்று மாதம் லைசென்ஸ் முடங்கிய இன்னொருவர், தன் காரைத் தானே ஓட்டிக்கொண்டுதான் என் ஆபீஸுக்கு ஆலோசனை கேட்க வந்தார்.

போன் பட்டியலை யாரும் தேடுவதில்லை என்றேன் அல்லவா? ஒரு இடத்தில் தேடியிருக்கிறார்கள். கனடாவில், டொரோண்டோவில். ரெடெல்மையர் என்ற டாக்டரும் டிப்ஷிரானி என்ற புள்ளியியலாளரும் 1997இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். விபத்துக்குள்ளான, செல்போன் வைத்திருந்த 699 ஓட்டுநர்கள். அவர்களிடம் 'பேசினீர்களா?' என்று கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வார்கள் என்று நமக்குத் தெரியும். பதினான்கு மாத பில்லை எடுத்தார்கள், 26,798 அழைப்புகள். மோதிய நேரத்துக்குச் சற்று முன்னால் அழைப்பு இருந்ததா, அதே ஆள் முந்தைய நாள் அதே நேரத்தில் பேசினாரா, என்று ஒப்பிட்டார்கள். போனில் இருக்கும்போது மோதும் அபாயம் நாலு மடங்கு என்று வந்தது. காதில் மாட்டிப் பேசினாலும், கையில் பிடித்துப் பேசினாலும், பெரிய வித்தியாசம் இல்லை என்றும் வந்தது.

அந்தக் கடைசி வரியைத்தான் நான் மேலே சொன்ன சட்டம் எதுவும் தெளிவாக எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொள்ளவும் முடியாது, ஒரு வகையில். போலீஸ்காரருக்கும் கேமராவுக்கும் கை தெரியும், மனசு தெரியாது. கேரளாவில் 2023இல் எழுநூறு சொச்சம் கேமரா வைத்து, காதோரம் கை இருந்தால் படம் பிடித்து வீட்டுக்கு நோட்டீஸ் அனுப்புகிறார்கள். புளூடூத்தில் சம்பந்தி வீட்டாரோடு சண்டை போட்டபடி போகிறவரை எந்தக் கேமரா பிடிக்கும்? இரண்டு கையும் ஸ்டீரிங்கில், பார்வை நேரே ரோட்டில், ஆள் மட்டும் அங்கே இல்லை.

இப்போது அண்ணாச்சியிடம் வருகிறேன்.

அண்ணாச்சிக்கு அறுபத்திரண்டு. என் சீனியரிடம் இருந்தவர், அவருக்குப் பிறகு என்னிடம் வந்தார். எனக்குச் சட்டம் தெரியும், அவருக்குக் கோர்ட் தெரியும். அன்றைக்கு ஒரு வழக்கில் சாட்சியம். காயச் சான்றிதழின் அசல் அண்ணாச்சி பையில். பத்தே முக்காலுக்குக் கூப்பிட்டுவிடுவார்கள் என்று பெஞ்ச் கிளார்க் சொல்கிறார். பத்து இருபதுக்கு அண்ணாச்சிக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. பத்து இருபத்தொன்றுக்குப் போட்டேன், எடுக்கவில்லை. மூன்றாவது தடவை எடுத்தார்.

"அண்ணாச்சி, எங்க இருக்கீய?"

"வந்துட்டேன் ஸார், சமாதானபுரம் பக்கம், வண்டியில..."

"ஒரிஜினல் எடுத்தாச்சா? ஜெராக்ஸ் இல்லையே?"

"ஒரிஜினல்தான் ஸா..."

அவர் மொபட்டில் வருகிறார் என்று எனக்குத் தெரியும். காலை பத்து இருபதுக்கு அவர் வேறெங்கே இருப்பார்? பத்தொன்பது வருஷமாக அந்த நேரத்துக்கு மொபட்டில்தான் வருகிறார்.

ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தபோது இடது தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காறை எலும்பு முறிவு. நெற்றியில் தோல் உரிசல். ஒரு ஹவுஸ் சர்ஜன் பெண், ஏ.ஆர். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, "எப்படிங்க விழுந்தீங்க?" என்று கேட்டது. விபத்துப் பதிவேடு என்று முழுப்பெயர். அதன் நகலைத்தான் நாங்கள் எல்லா வழக்கிலும் முதல் ஆவணமாகத் தேடுவோம், ஏனென்றால் வக்கீலைப் பார்ப்பதற்கு முன்னால் சொன்ன வார்த்தை அது, கலப்படம் இருக்காது என்று கோர்ட் நம்பும்.

இந்தத் தடவை வக்கீல் பக்கத்திலேயே நின்றார். அண்ணாச்சி வாயைத் திறக்கும் முன்னால் நான் சொன்னேன். "நாய் குறுக்க வந்துட்டு, டாக்டர்."

அந்தப் பெண் எழுதியது. நான் தலைகீழாக அதைப் படித்தேன். எத்தனையோ ஏ.ஆர். நகலில் அந்த நாயைப் பார்த்திருக்கிறேன். அது இந்த மாவட்டம் முழுக்க ஓடிக்கொண்டிருக்கிறது, யாரும் பிடித்ததில்லை.

வெளியே வந்து கேட்டேன், "நெசமாவே நாய் வந்துச்சா அண்ணாச்சி?"

"நாயும் வந்துச்சு ஸார். போனும் வந்துச்சு." கொஞ்ச நேரம் கழித்து, "டாக்டரு காலர் போனுன்னு சொல்லுதாரு. அதுக்கு அர்த்தம் என்னன்னு பாத்தா சரியாத்தான் இருக்கு" என்றார். அவர் வலியோடு சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

ஏன் பொய் சொன்னேன் என்று கேட்டால், பழக்கம். அவருடைய விபத்துக் காப்பீட்டுப் பணத்துக்கு இடைஞ்சல் வரக்கூடாது என்று சொல்லிக்கொள்ளலாம், அதிலும் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி, அந்தப் புத்தகத்தில் 'செல்போனில் பேசியபோது' என்று விழுந்தால் 'யாரோடு?' என்ற கேள்வி அடுத்து வரும் என்பது. சட்டப்படி வராது. இந்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் எந்த மூலையிலும் 'யாரோடு' என்ற கேள்வியே கிடையாது. எனக்குத்தான் வந்தது.

அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் அந்தக் கேள்வியை ஒரு கோர்ட் கேட்டிருக்கிறது. 2009 செப்டம்பரில் மோட்டார் சைக்கிளில் போன கணவன் மனைவி மேல் ஒரு பதினெட்டு வயதுப் பையனின் பிக்கப் வண்டி மோதி, இருவருக்கும் ஆளுக்கொரு கால் போனது. பையன் அப்போது பதினேழு வயதுத் தோழியோடு மெசேஜ் பரிமாறிக்கொண்டிருந்தான். அந்தத் தம்பதி பையன் மேல் மட்டுமில்லை, மெசேஜ் அனுப்பிய பெண் மேலும் வழக்குப் போட்டார்கள். 2013இல் மேல்முறையீட்டு கோர்ட், பெறுபவர் ஓட்டிக்கொண்டிருக்கிறார், வந்ததும் பார்ப்பார் என்று தெரிந்தே அல்லது தெரிந்திருக்க விசேஷக் காரணம் இருந்தே அனுப்பினால் அனுப்பியவருக்கும் பொறுப்பு உண்டு என்றது. அந்தப் பெண்ணுக்கு அப்படித் தெரியும் என்று காட்ட ஆதாரம் இல்லை என்று அவரை விட்டுவிட்டது.

அந்தத் தீர்ப்பை முன்பு படித்தபோது, இது ரொம்ப ஓவர் என்று நினைத்தேன். மெசேஜ் அனுப்புவது அனுப்புகிறவன் இஷ்டம், பார்ப்பது பார்க்கிறவன் இஷ்டம். இப்போது அதே தீர்ப்பை எனக்கு வைத்துப் பார்க்கிறேன். ஓட்டுகிறார் என்று தெரியுமா? தெரியும். எடுப்பார் என்று தெரியுமா? முதலாளி மூன்றாவது தடவை கூப்பிட்டால் எந்தக் குமாஸ்தா எடுக்க மாட்டார்?

நான் மட்டும் என்றில்லை. சாப்பாடு கொண்டுவரும் பையன்களைப் பாருங்கள். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஹேண்டில்பாரில் மாட்டிய போன் அலறுகிறது, அடுத்த ஆர்டர், சில விநாடிகளுக்குள் விரலை வைக்காவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும். விரலை வைத்தவனுக்கு முருகன்குறிச்சி சிக்னலில் 1,000 ரூபாய் ரசீது. அலற விட்ட கம்பெனிக்கு ஒன்றும் இல்லை. வாசலில் நின்று 'எங்கப்பா இருக்க?' என்று அவனைக் கூப்பிடுகிற நமக்கும் ஒன்றும் இல்லை. அபராதத்தை ஏற்றிக்கொண்டே போவதில் எனக்கு நம்பிக்கை குறைந்ததற்குக் காரணம் இதுதான். வேலை நேரத்தில் ஓட்டிக்கொண்டிருக்கிற ஆளைக் கூப்பிடும் முதலாளிக்கும், ஓடுகிற வண்டிக்கு ஆர்டர் தள்ளும் கம்பெனிக்கும் 184இல் ஒரு உட்பிரிவு எழுதினால் நான் முதல் ஆளாகக் கைதட்டுவேன். கைதட்டிவிட்டு முதல் வழக்கில் நானே பிரதிவாதியாகவும் நிற்கலாம்.

அண்ணாச்சி திரும்பி வந்துவிட்டார். தோளில் ஒரு மேடு மாதிரி நிரந்தரமாக நின்றுவிட்டது, மழைக்காலத்தில் வலிக்கிறது என்கிறார். போனை இப்போது மொபட்டின் முன்பக்கம் கட்டிய மஞ்சப்பைக்குள், கட்டுகளுக்கு அடியில் போட்டுவிடுகிறார். அவர் மகள் போட்ட கட்டளை.

நேற்றுக் காலையில் எனக்கு ஒரு கேஸ் நம்பர் அவசரமாக வேண்டியிருந்தது. பத்து பதினைந்துக்குக் கூப்பிட்டேன். மணி அடித்து நின்றது. மறுபடி கூப்பிடக் கை போனது, போனை மேஜை மேல் கவிழ்த்து வைத்தேன். பத்து முப்பத்தேழுக்குக் கோர்ட் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு அவர் கூப்பிட்டார். "சொல்லுங்க ஸார்" என்றார், ஒன்றும் நடக்காதது போல. இருபத்திரண்டு நிமிஷம். அந்த இருபத்திரண்டு நிமிஷமும் எனக்கு அவர் மேல் எரிச்சலாகத்தான் இருந்தது.